ஒத்தையா ரெட்டையா

என் தம்பியின் வலது கைமேல் எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாகத் தீரவில்லை. நாலாம் வகுப்பு முழுப் பரீட்சை முடிந்து விட்ட லீவை அந்தக் கை மொத்தமாக விழுங்கிவிட்டது. எண்பதுகளின் நடுவில், அரூரில், என் வயதுப் பிள்ளைகளெல்லாம் கிணற்றில் குதித்துக்கொண்டிருந்த கோடை அது. நான் மட்டும் ஒரு மூடிய கைக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்து, அது எப்போது திறக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறக்கும்போதே மூளையில் ஏதோ அடிபட்டு அவனுக்கு வலது பக்கம் விறைத்துப்போயிருந்தது. வலது காலை இழுத்து இழுத்து நடப்பான். வலது கை முழங்கையில் மடங்கி, விரல்கள் கட்டைவிரலை உள்ளே வைத்து இறுக மூடியிருக்கும். இடது கை அப்படியில்லை, எமகாதகக் கை. அந்தக் கையால் அவன் கிள்ளினால் இரண்டு நாளைக்குத் தடம் இருக்கும். தடம் எப்போதும் என் மேல்தான்.

சாயங்காலமானால் அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாக இழுத்து விரிப்பாள். அவன் தெருவுக்கே கேட்கும்படி கத்துவான். சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு அக்கா இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "இழுக்காதீங்கம்மா. இழுக்க இழுக்க இறுகிக்கும். வெளையாட்டுக் காட்டுங்க. கையை அவனேதான் தொறக்கணும், அவனேதான் தூக்கணும்" என்றார். அம்மா தலையாட்டிவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாள். விளையாட்டு என்றால் என் இலாகா என்று அங்கேயே முடிவாகிவிட்டது. அதற்காக அம்மா எண்ணெயை விட்டுவிடவும் இல்லை. கிண்ணத்தைக் கண்டாலே அவன் கை கல்லாகிவிடும்.

நான் ஏன் ஒப்புக்கொண்டேன் என்றால், வேறு வழியில்லை. அதுவரை அவனைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தை, சித்திரையில் கல்யாணமாகிப் பென்னாகரம் பக்கம் போய்விட்டாள். அம்மாவுக்குப் புளி மண்டியில் கொட்டை எடுக்கிற வேலை. அப்பாவுக்கு அங்கேயே மூட்டை தூக்குகிற வேலை. இருவரும் காலையில் போனால் பொழுது சாயத்தான் வருவார்கள். அப்பா ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "அவன ஸ்கூல்ல சேத்துக்கலன்னா நீ வூட்ல இரு. அதான் நாலாவது படிச்சாச்சில்ல, பொட்டப் புள்ளைக்குப் போதும்."

பள்ளியில் சேர ஒரே ஒரு பரீட்சைதான். யார் வீட்டிலும் பிறந்த சர்டிபிகேட் இல்லாத காலம். கையைத் தலைக்கு மேலே போட்டு மறுபக்கத்துக் காதைத் தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று அர்த்தம். தொடாவிட்டால் அடுத்த வருஷம் வா. போன வருஷம் தம்பியின் வலது கை எட்டவில்லை. என் படிப்பு அவன் காதில் தொங்கிக்கொண்டிருந்தது.

முதலில் கையைத் திறந்தால்தானே தூக்க முடியும் என்று ஒத்தையா ரெட்டையா ஆரம்பித்தேன். அம்மா மடியில் கொண்டுவந்த புளியங்கொட்டைகள் ஒரு டப்பா நிறைய இருந்தன. அவன் இடது கையால் சிலதை எடுத்து வலது கைக்குள் திணித்துக்கொள்வான். நான் ஒத்தை என்றோ ரெட்டை என்றோ சொல்வேன். பிறகு அவன் கையைத் திறந்து எண்ண வேண்டும். மற்றப் பிள்ளைகளுக்கு இது ஒரு நொடி. இவன் திறப்பதற்குள் நான் ஒரு குடம் தண்ணீர் பிடித்துவந்துவிடலாம். திறக்க வேண்டும் என்று நினைத்தால் மூடும். சிரித்தால் மூடும். நான் பல்லைக் கடித்தால் இன்னும் மூடும். கடைசியில் ஒன்றைக் கண்டுபிடித்தேன். எனக்கு அக்கறையே இல்லாததுபோல் கூரையைப் பார்த்து ஏதாவது கதை விட வேண்டும். அவன் கதையில் வாயைப் பிளப்பான். சுண்டுவிரல் முதலில் விடும், அப்புறம் ஒவ்வொன்றாக மற்றவை. பொறுமை என்பதே இல்லாத என்னைப் பொறுமைசாலி வேஷம் கட்டவைத்தான். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று கணக்கே இல்லை. அதிலும் தோற்கப்போகிறான் என்றால், கை திறக்குமுன் இடது கையால் ஒரு கொட்டையை உருவிவிடுவான்.

காதுக்கு வேறு விளையாட்டு. இடது காதில் ஈ உட்கார்ந்திருக்கிறது, வலது கையால் விரட்டு என்பேன். இல்லாத ஈயை விரட்ட அவன் என்ன முட்டாளா? ஆகவே வெல்லத்தைக் கரைத்துக் காதில் தடவி, அவன் இடது கையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஈ வரவில்லை, எறும்பு வந்தது. அன்று அந்த வலது கை நெற்றி வரைக்கும் தானாக ஏறியது. நான் துள்ளிக் குதித்தேன். மண்டியிலிருந்து வந்த அம்மா வீங்கிய காதைப் பார்த்துவிட்டு விளக்குமாற்றைத் தேடினாள்.

அம்மா வந்தால் என் வேலை முடிந்தது, தெருவுக்கு ஓடிவிடுவேன். அவள் தினமும் ஒன்றே ஒன்றுதான் கேட்பாள்: "காது எட்டுச்சா?" இல்லை என்பேன். கை தானாகத் திறக்கிறது என்றெல்லாம் சொல்ல எனக்குத் தோன்றியதில்லை.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. அப்பா, அம்மா, நான், அவன் எல்லோரும் போய் நின்றோம். தலைமையாசிரியர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, காதைத் தொடச் சொன்னார். வலது கை கிளம்பியது. மார்பு, கன்னம், நெற்றி. நெற்றியில் நின்றுவிட்டது. ஒரு விரற்கடை கூட மேலே போகவில்லை. தலைமையாசிரியர் பேனாவை மூடப் போனார்.

தம்பி வலது கையைத் தொங்கவிட்டான். இடது கையைத் தலைமேல் வீசி வலது காதைப் பிடித்து, நன்றாக முறுக்கியும் காட்டினான். போன வருஷம் அந்தக் கையை அப்பா பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். இந்த வருஷம் யாரும் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் என் படிப்பே மறந்துவிட்டது. "சார், அது பீச்சாங்கை சார்" என்று கத்தினேன்.

"காது அவனோடதுதானம்மா?" என்று கேட்டுவிட்டு அவர் ரிஜிஸ்தரைத் திறந்தார்.

பெயர் எழுதி முடித்ததும் ஒரு சாக்பீஸை அவனிடம் நீட்டினார். இடது கை பாய்ந்தது. அப்பா பதறி, "சோத்தாங்கையில வாங்குடா" என்றார். வலது கை எழுந்தது. தலைமையாசிரியர் நீட்டிய கையை மடக்காமல் வைத்திருந்தார். தம்பி சுவரில் இருந்த யானைப் படத்தை வேடிக்கை பார்த்தான். சுண்டுவிரல் விட்டது. பிறகு ஒவ்வொன்றாக. லீவு பூராவும் பார்த்துச் சலித்த அதே தாமதம். பெரியவரை இப்படிக் காக்கவைக்கிறானே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள்.

வழியெல்லாம் நான் புலம்பினேன். பீச்சாங்கையாலேயே தொடலாம் என்றால் எதற்கு என் லீவு, எதற்கு ஈ, எதற்கு விளக்குமாறு? அம்மாவுக்குக் கண் கலங்கியிருந்தது. என் லீவு வீணானதற்கு அவளாவது வருந்துகிறாளே என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்காமல் புளியங்கொட்டை டப்பாவை எடுத்து வந்து, எனக்கென்று இருந்த இடத்தில் அம்மா உட்கார்ந்துகொண்டாள். தம்பி கையை மூடி நீட்டினான். "ஒத்த" என்றாள். யானையையே நினைத்துக்கொண்டிருந்தானோ என்னவோ, கை அவள் முன்னால் மெல்லத் திறந்தது. உள்ளே கொட்டைகள் கிடந்தன. அம்மா அவற்றை எண்ணவேயில்லை. கையையே பார்த்துக்கொண்டு, "இன்னொரு தடவ" என்றாள். மறுபடியும் ஒத்தை, மறுபடியும் எண்ணவில்லை.

"எண்ணும்மா, எண்ணுனாத்தான யாரு ஜெயிச்சாங்கன்னு தெரியும்" என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். இந்தச் சின்ன விளையாட்டுக்கூட அம்மாவுக்கு ஆடத் தெரியவில்லையே என்று அலுத்துப்போய், அவர்களை விட்டுவிட்டு நான் தெருவுக்கு ஓடினேன்.