பந்தல் கால் அறுத்த நெட்

"உங்க நெட்டைக் கொண்டுபோய் வெள்ளாத்துல போடுங்க!"

இன்று காலை லப்பைக்குடிக்காட்டிலிருந்து போன் செய்த பாய் இப்படித்தான் ஆரம்பித்தார். நான் பெரம்பலூரில் ஓர் இன்டர்நெட் கம்பெனியில் நெட்வொர்க் அட்மின். அவருடைய அண்ணன் மகளுக்கு இன்று நிக்காஹ். துபாயில் இருக்கும் அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. வீடியோவில்தான் பார்க்க வேண்டும். அந்த நேரம் பார்த்து நெட் போய்விட்டது.

பைக்கில் பறந்து போனேன். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் முன்னால் அர்ச்சனை நடந்தது.

"புள்ளையோட அத்தா அங்க போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. உங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்கா?"

கேபிள் போகும் வழியைப் பிடித்துக்கொண்டு தேடினேன். காலையில் புதிதாக நட்ட பந்தல் காலுக்கு அடியில் அறுந்து கிடந்தது.

"பாய், இந்தக் குழியைத் தோண்டுனது யாருங்க?"

"நான்தான். கேபிள் போவுதுன்னு நீங்கல்ல போர்டு வெச்சிருக்கணும்?"

கல்யாண வீட்டில் சண்டை வேண்டாமென்று, வெயிலில் மண்டியிட்டு ஒட்டிக்கொடுத்தேன். போன் திரையில் அண்ணன் முகம் வந்தது. மகளைப் பார்த்ததும் அழுதுவிட்டார். எனக்கும் கோபம் பாதி இறங்கிவிட்டது.

உடனே பாய் போனை வாங்கினார். "நான் போட்ட சத்தத்துலதாண்ணே நெட்டே வந்துச்சு!"

பிரியாணிக்குக்கூட நிற்காமல் கிளம்பிவிட்டேன். இதைப் பசியோடுதான் எழுதுகிறேன்.

நண்பர்களே, உங்கள் வீட்டில் விசேஷம் என்றால் கடப்பாரையைத் தொடும் முன் சொல்லுங்கள். அப்போதே வந்து திட்டு வாங்கிக்கொள்கிறேன்.