தஞ்சாவூர் வெட்டும் முகத்துவாரம்

இலங்கையில் சிலாபத்துக்கு வடக்கே உள்ள இக்கடற்கரையில், காலையில் பாண் எனும் ரொட்டி வாங்க நான் கடையை நெருங்கும்போதே, "மணல் எண்ணுற ஐயா வாறார்" என்று கதை எழும். நான் மணலை எண்ணுவதில்லை. ஆற்றுநீர் எவ்வளவு வண்டலைச் சுமந்து எங்கே இறக்கும் என்பதைச் சமன்பாடுகளால் முன்னறிய முயலும் ஆங்கிலப் பொறியியலாளர் துரைக்குக் கணக்கிட்டுத் தருகிறேன். இதை விளக்கியும் பயனில்லை. நம் தஞ்சையில் காவிரி எவரையும் கேளாமல் கடலை அடைவாள். இங்கோ 'ஓயா' எனப்படும் ஆறு, கோடையில் கடல் குவிக்கும் மணல்திட்டின் முன், அழைப்பின்றி வந்த விருந்தினர் போலத் தேங்கி நிற்கும். மழை வலுத்ததும் திட்டு உடைந்து முகத்துவாரம் திறக்கும்.

அது ஓராண்டு வடக்கேயும் மறு ஆண்டு தெற்கேயும் உடைவதைக் கண்டு துரை பேருவகை கொண்டார். வண்டலின் இயல்பிலேயே ஈராண்டு அலைவு உறைந்திருப்பதாகச் சமன்பாட்டில் ஒரு மாறிலியைச் சேர்த்தார். அலைவு இறுதியில் எக்கரையில் அடங்குமோ, அக்கரையில் கல்லணை கட்டி முகத்துவாரத்தை நிலைநிறுத்துவது திட்டம். கடலிலிருந்து இறால் நுழைவது முகத்துவாரம் வழியே என்பதால், அணை எழும் கரைக்கே என்றென்றும் இறால், மறுகரைக்குப் பட்டினி.

இதைக் கேள்வியுற்று, வடகரைக் கத்தோலிக்க மீனவர் சூசையும் தென்கரை முஸ்லிம் மீனவர் காசிம் நானாவும் ஒன்றாக என்னிடம் வந்தனர். திட்டை உடைப்பது ஆறன்று. இரு ஊராரும் முறைவைத்து, ஆண்டுக்கு ஓர் ஊராக, மண்வெட்டியால் வெட்டுகின்றனராம். முன்பே ஏன் உரைக்கவில்லை என்றேன்.

"இந்த வருஷம் எந்தப் பக்கம் உடையுமெண்டுதானே துரை கேட்டார்? பிழையில்லாமத்தானே சொன்னோம்" என்றார் சூசை.

துரையிடம் தெரிவித்தேன். மானிடக் குறுக்கீடு புறக்கணிக்கத்தக்கது என்றார் அவர். அதை மெய்ப்பிக்க, அவ்வாண்டு எவரும் வெட்டலாகாது என்றும், ஆறு தானே உடைக்கும் கரையில் அணை எழும் என்றும் அறிவித்தார். மழை பெய்தது, திட்டு உடையவில்லை. அலுவலகத்தில் நீர் நாற்காலிக் கால்களை மூடியது. துரை மேசைமேல் அமர்ந்து, ஆற்றுக்குச் சமன்பாடு நினைவுக்கு வரும்வரை காத்திருந்தார். இரு ஊர்களிலும் அடுப்புகள் அணைந்தன. களவாக வெட்டுபவருக்கே அணை கிட்டும் என்பதால், ஒரு கரையாரை மறுகரையார் கண்ணிமைக்காது காவல் காத்தனர்.

இறுதியில் காசிம் நானா மண்வெட்டியை என்னிடம் நீட்டினார். "நீங்க ரெண்டு கரையுமில்ல ஐயா. நடுவால வெட்டுங்க."

"பாத்து ஐயா, காவேரிப் பக்கம் திருப்பிராதீங்க" என்றார் சூசை.

வெட்டினேன், ஆறு பாய்ந்தது. துரை மேசையிலிருந்து இறங்கி, ஆறே நடுவில் உடைத்ததெனக் கொண்டு, அலைவு ஈராண்டன்று, மூவாண்டே எனத் திருத்தினார். மூவாண்டு அலைவு எக்கரையிலும் அடங்காது என்று என் கணக்கு முடிந்தது, கல்லணை கைவிடப்பட்டது. சமன்பாடு பொய்த்தால் அணைத் திட்டம் திரும்ப வரும் என்றஞ்சிய ஊரார் புதுமுறை வகுத்தனர்: வடகரை, தென்கரை, தஞ்சாவூர்.

இவ்வாண்டு தஞ்சாவூரின் முறை. ஊரில் காவிரி என்னை ஒருபோதும் எதிர்பார்த்ததில்லை. இங்கே ஓர் ஆறு எனக்காகக் காத்து நிற்கிறது. வெட்டிய வாய்க்காலின் இருபுறமும் ஒவ்வொரு காலாக ஊன்றி நிற்கிறேன். வடக்கிலிருந்து சூசையும் தெற்கிலிருந்து காசிம் நானாவும் கை நீட்டி அழைக்கின்றனர். கால்களுக்கிடையே ஆறு அகன்றுகொண்டிருக்கிறது.