தின்னக் கூடாத கடுகு

என் அக்கா கீரை விற்றுத்தான் இரண்டு பிள்ளைகளைக் கரையேற்றினாள். வாய்க்காலை ஒட்டிய அந்த முக்கால் ஏக்கரில் அவள் போடாத கீரை இல்லை. இப்போது ஒரு விடுதிச் சமையலறையில் பாத்திரம் தேய்க்கிறாள். அங்கே வந்து இறங்கும் கீரைக் கட்டுகளைப் பார்த்தாலே அவளுக்கு வயிறு எரியும். நேற்றுப் பறித்ததா, முந்தாநாள் பறித்ததா என்றுகூடப் பார்த்து வாங்கத் தெரியவில்லையாம் அவர்களுக்கு.

வாய்க்காலின் மேல்பக்கம் ஒரு முலாம் பூசும் பட்டறை இருந்தது. பல வருடம் கழிவுத் தண்ணீரை வாய்க்காலில் விட்டுவிட்டு ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்கள். எல்லாம் அக்கா தலையில் விடிந்தது. மண்ணைப் பரிசோதித்த அதிகாரி, சின்னப் பெண், காட்மியம் என்று ஒரு விஷ உலோகத்தின் பெயரைச் சொன்னாள். அது அக்காவின் வாயில் நுழையவில்லை. இன்றுவரை அவளுக்கு அது "அந்தச் சனியன்"தான்.

"நல்லா கழுவி, கொதிக்க வச்சா போயிடாதா?" என்று கேட்டாள் அக்கா.

"மேல ஒட்டியிருந்தா கழுவலாம்மா. இது வேர் வழியா ஏறி இலைக்குள்ளயே உக்காந்திருக்கு. தொடர்ந்து சாப்பிட்டா கிட்னி கெட்டுப்போகும்."

அக்கா பாத்தியைத் திரும்பிப் பார்த்தாள். கீரை தளதளவென்று நின்றது. "இதையா இத்தனை பேருக்கு வித்தேன்?" என்று அழுதாள். அந்தப் பட்டறைக்காரனை இழுத்துவந்து ஒரு கீரைக்கட்டை அப்படியே வாயில் திணிக்க வேண்டும் போலிருந்தது எனக்கு.

வழி ஒன்று இருந்தது. ஒரு வகைக் கடுகுச் செடி மண்ணிலிருந்து அந்தச் சனியனை உறிஞ்சுமாம். விதைத்து, வளர்த்து, பூப்பதற்கு முன் அறுத்து, அதிகாரி அனுப்பும் வண்டியில் ஏற்றிவிட வேண்டும். ஆடு மாடுகூடத் தின்னக் கூடாது. ஒவ்வொரு அறுப்புக்கும் விஷம் கொஞ்சம் குறையும். போதுமான அளவு குறைந்தால் மறுபடி கீரை போடலாம்.

அந்தக் கடைசி வாக்கியத்தை அக்கா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். விடிகாலையில் தண்ணீர் பாய்ச்சிவிட்டு விடுதிக்கு ஓடுவாள். திரும்பி வந்து, தின்னவும் முடியாத விற்கவும் முடியாத பயிருக்குக் களை எடுப்பாள். அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். முழங்கால் வீங்கிப்போனது. "ஒரே ஒரு தடவை என் கீரையை என் கையால வித்துட்டேன்னா போதும்டி. அப்புறம் படுத்துடறேன்" என்பாள். பார்க்கிற எனக்கே அலுப்பாக இருந்தது.

முதல் வருடம் மண்ணில் விஷத்தின் அளவு குறைந்தது. லாரி ஓட்டிக்கொண்டிருந்த அத்தான் அதற்குப் பிறகுதான் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு வந்தார். அக்கா விடுதியில் இருக்கும் பகல் நேரத்தில் நிலத்தை அவர் பார்த்துக்கொண்டார். அத்தானுக்கு ஸ்டியரிங்கைத் தவிர எதையும் பிடிக்கத் தெரியாது என்பது எங்கள் வீட்டுப் பழைய கேலி. ஆனாலும் பாவம், உடம்பை வளைத்து வேலை செய்தார். அளவு மட்டும் அசையவே இல்லை. அதற்கடுத்த வருடமும் அப்படியே நின்றது.

காரணம் புரியாமல் அதிகாரியே நேரில் வந்தாள். அன்று நானும் அங்கே இருந்தேன். நீளமான இரும்புக் குழாயை மண்ணில் இறக்கி எடுத்தாள். மண்ணோடு பாதி மக்கிய கடுகுத் தண்டுகள் வந்தன. இன்னொரு இடத்தில் இறக்கினாள். அங்கேயும் அதே தண்டுகள்.

"இதை யாரு உள்ள போட்டது?"

"நான்தான் மேடம்" என்றார் அத்தான், பாராட்டை எதிர்பார்க்கிறவர் போல. "உங்க வண்டி சொன்ன நாளுக்கு வந்ததே இல்ல. அறுத்தது காஞ்சு வீணாப் போகுது. அதான் முக்கால்வாசியை வெட்டிப் புதைச்சிடுவேன். மண்ணுலேர்ந்து எடுத்ததை மண்ணுக்கே குடுக்கணும்னு இவ கல்யாணமான நாள்லேர்ந்து சொல்லுவா. தின்னத்தானே கூடாது, புதைக்கலாம்ல?"

அதிகாரி மெதுவாக விளக்கினாள். செடி உறிஞ்சி எடுத்ததில் பெரும்பகுதி திரும்ப அதே மண்ணுக்குள் போய்விட்டது. கேட்கக் கேட்க அத்தானின் முகம் செத்துப்போனது.

"இனி எத்தனை வருஷம்மா?" என்றாள் அக்கா.

"இந்த ரெண்டு வருஷமும் கணக்குல சேராதும்மா. இன்னும் அஞ்சாறு வருஷம் ஆகலாம்."

அக்கா வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். வேலை நேரத்தில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அதிகாரி கிளம்பிப் போன பிறகும் எழுந்திருக்கவில்லை. அத்தான் அவள் எதிரே போய் நின்றார்.

"ஏதாவது சொல்லேன். திட்டவாவது செய்யேன்."

அக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"இத்தனை வருஷமா நான் சொன்னதுல ஒண்ணே ஒண்ணைத்தான் கேட்டிருக்கீங்க. அதுக்குப் போய் எப்படிங்க திட்டறது?"