பேச்சித்தாய்க்கு முன்னால் சேர் போடாதே

1. மூன்றாவது வரிசை

நான் சேர் வாடகைத் தொழிலுக்கு வந்த முதல் வருஷம். முதல் பெரிய ஆர்டர் சாத்தான்குளத்தில் ஒரு வாசகசாலையின் ஆண்டு விழா. அப்போது பிளாஸ்டிக் சேர் வந்திருக்கவில்லை. இரும்பு மடக்கு சேர்தான். விரிக்கும்போது விரலைக் கடிக்கும், மடக்கும்போது இன்னொரு தடவை கடிக்கும். இந்தத் தொழிலில் பத்து விரலிலும் தழும்பு இல்லாத பழைய ஆளைப் பார்த்தால், அவர் கடையில் உட்கார்ந்து போன் மட்டும் எடுத்தவர் என்று அர்த்தம்.

தச்சநல்லூரில் இருந்து லாரியில் முந்நூறு சேர் ஏற்றிக்கொண்டு போய், உச்சி வெயிலில் நூல் பிடித்து வரிசை போட்டேன். நூல் என்றால் நிஜமாகவே நூல். இரண்டு பக்கமும் ஆணி அடித்துச் சணல் கட்டி, அந்தக் கோட்டில் சேரின் முன்கால் நிற்க வேண்டும். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். நடவு முடிந்த வயல் மாதிரி இருந்தது. என் முதுகை நானே தட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

சாயங்காலம் பாட வந்தவர் பேச்சித்தாய். சீவலப்பேரிப் பக்கம் வயல் வேலை செய்தவர். நடவுப் பாட்டு, கும்மி, தாலாட்டு எல்லாம் பாடுவார். ஆற்றுப் பாசனத்து ஊர்களில் அவர் குரல் தெரியாத ஆள் குறைவு. மேடை ஏறினார், மைக்கைப் பிடித்தார், கூட்டத்தைப் பார்க்காமல் என் சேர்களைப் பார்த்தார்.

"சேர் போட்ட அண்ணாச்சி யாரு? முன்னால உள்ள ரெண்டு வரிசைய எடுத்துருங்க."

மைக்கிலேயே சொல்லிவிட்டார். நான் விழாச் செயலாளரைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு வரிசையை மடக்கி எடுத்தேன். மேடையில் பாட்டு ஆரம்பிக்கும் என்று பார்த்தால், மறுபடியும் மைக்.

"சேர் அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீங்க. அந்த மூணாவது வரிசையையும் எடுத்துருங்க."

கூட்டம் சிரித்தது. எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. வாசகசாலையில் கிடந்த ஜமுக்காளத்தைக் கொண்டுவந்து விரித்தார்கள். பின்னால் சுவர் ஓரமாக நின்ற பொம்பளையாட்களைப் பேச்சித்தாய் பேர் சொல்லிக் கூப்பிட்டு முன்னால் உட்காரவைத்தார். அதற்குப் பிறகுதான் பாட்டு. நான் லாரிக்குப் பக்கத்தில் நின்று, இந்த அம்மாளுக்குத் தலைக்கனம் என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பாட்டு என் காதில் ஏறவே இல்லை.

2. பட்டப்பெயர்

அன்றோடு எனக்கு 'சேர் அண்ணாச்சி' என்ற பெயர் விழுந்துவிட்டது. என் சொந்தப் பெயர் சிவசுப்பிரமணியன் என்பது இன்றைக்கு ரேஷன் கார்டுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். என் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை யார் என்று கேட்ட சிநேகிதன் உண்டு.

எங்கே கச்சேரி என்றாலும் நானும் அவரும் மோதிக்கொண்டோம். வேண்டுமென்றே சில தடவை நான் ஒரு வரிசை கூடுதலாகப் போடுவேன். அவரும் சளைக்காமல் மைக்கில் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார். உவரியில் ஒரு திருவிழாவில், சனங்களே "சேர் அண்ணாச்சி" என்று கூப்பாடு போட ஆரம்பித்துவிட்டார்கள். பாட்டுக்கு முன்னால் எங்கள் சண்டை ஒரு ஐட்டம் போல ஆகிவிட்டது.

நாலைந்து வருஷம் கழித்து ஒரு நாள் நேரடியாகவே கேட்டேன். நான் போட்ட சேரில் முள்ளா இருக்கிறது என்று. அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்.

"சேர் போட்டா முன்னால யாரு உக்காருவா, சொல்லுங்க. ஊர்ப் பெரிய ஆளுவ உக்காருவாவ. எங்கூட நாத்து நட்ட பொம்பளைய, அவுக முன்னால சேர்ல உக்காருவாளுவளா? சுவரு ஓரமா நின்னுட்டு, கால் வலிச்சதும் பைய வீட்டுக்குப் போயிருவாளுவ. என் பாட்டுக்குப் பதில் சொல்ல ஆளு வேணும், அண்ணாச்சி. பெரிய ஆளுவ கைதான் தட்டுவாவ."

அவர் பாட்டு எல்லாமே கேள்வியும் பதிலும்தான். ஒருத்தி கேட்பாள், வரப்பு முழுக்கப் பதில் சொல்லும். ஜமுக்காளத்தில் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்தால் வாய் தானாகத் திறக்கும் என்பது அவர் கணக்கு. எனக்குப் பாதி நம்பிக்கைதான். ஆனாலும் கடைச் சுவரில், போன் நம்பர்கள் எழுதுகிற இடத்தில், கரியால் எழுதி வைத்தேன்: 'பேச்சித்தாய் கச்சேரி – முன்னால் காலி. ஜமுக்காளம் எட்டு.' வெள்ளை அடிக்கும் போதெல்லாம் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு அடிக்கச் சொல்வேன். சண்டை போட ஆள் இல்லாத தொழில் சப்பென்று போய்விடும்.

3. நான் எடுக்காத சோபா

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதாவிட்டால் மீதிக் கதைக்கு அர்த்தம் இல்லை.

நான் கடையை என் மகள் செல்வியிடம் கொடுப்பதற்கு முந்தின வருஷம். ஒரு பெரிய இடத்து விழா. முன்னால் இருபது சோபா போடச் சொன்னவர், ஒரு சோபா இடம் மாறினாலும் இனி அவர் வட்டாரத்தில் எனக்கு ஆர்டர் கிடையாது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அப்படிச் சிரிப்பவர்களிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அன்றைக்குப் பாட வந்தது பேச்சித்தாய்.

அவர் மேடையில் இருந்து சோபாக்களைப் பார்த்தார். பிறகு பந்தக்கால் பக்கம் நின்ற என்னைப் பார்த்தார். நான் கீழே குனிந்து, சிக்கல் இல்லாத ஒரு கயிற்றைச் சிக்கெடுத்தேன். அவர் மைக்கில் ஒன்றும் சொல்லவில்லை. பத்துப் பாட்டுப் பாடுகிறவர் மூன்று பாட்டோடு கும்பிட்டுவிட்டார். சோபாக்கள் கைதட்டின.

வேனில் ஏறப் போகும்போது என் பக்கம் வந்தார். "பரவாயில்ல அண்ணாச்சி, உங்களுக்கும் பொழப்பு இருக்குல்லா" என்றார்.

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த கச்சேரியில் சரி செய்துவிடலாம் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அவர் மேடை ஏறவில்லை. நெஞ்சில் சளி என்று படுத்தவர், ஏழு மாதத்தில் போய்விட்டார்.

4. விருந்தாளி

போன வருஷம் அவருக்குப் புகழஞ்சலிக் கச்சேரி வைத்தார்கள். எங்கள் தச்சநல்லூரிலேயே ஒரு பள்ளி மைதானம். விழாக் குழுவுக்குத் தலைவர் ஒரு ஓய்வுபெற்ற பேராசிரியர். நல்ல மனிதர், பேச்சித்தாய் பாட்டுகளை ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தவர். செல்விக்கு ஆர்டர் வந்தது. முன்னால் மூன்று வரிசை சோபா, அதற்குப் பின்னால் வெள்ளை உறை போட்டு ரிப்பன் கட்டிய சேர். எனக்குத் தனியாக அழைப்பிதழ் வந்தது.

நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக எங்கள் கடை சேரில் நானே விருந்தாளியாக உட்கார்ந்தேன். ஐந்தாவது வரிசை. உட்கார்ந்ததும் ஒரு கால் ஆடியது. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "யப்பா, இன்னைக்கு மட்டும் வாடிக்கையாளரா இருங்க" என்று சொல்லிவிட்டு, நாலாய் மடித்த காகிதத்தை அந்தக் காலுக்கு அடியில் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஆரம்பிப்பதற்கு முன்னால் லெட்சுமியைப் பார்த்தேன். முப்பது வருஷமாகப் பேச்சித்தாய்க்கு இடது பக்கம் உட்கார்ந்து பின்பாட்டுப் பாடியவர். அன்றுதான் முதல் தடவையாக நடுவில் உட்கார்ந்து பாடப் போகிறார். டீ டம்ளர் கையில் ஆறிக் கிடந்தது. இன்றைக்குப் பாட்டு எடுபடாவிட்டால் இனிமேல் மேடை ஏறப் போவதில்லை, ஊரோடு இருந்துவிடப் போகிறேன் என்றார். "நான் பதில்தான் சொல்லுவேன் அண்ணாச்சி. கேள்வி கேட்டுப் பழக்கமில்ல" என்றார். டீயைச் சூடாக இன்னொன்று வாங்கிக் கொடுத்தேன்.

பிரமுகர்கள் வந்தார்கள். குத்துவிளக்கு ஏற்றினார்கள், பேச்சித்தாய் படத்துக்கு மாலை போட்டார்கள், பொன்னாடை வாங்கிக்கொண்டார்கள், மண்ணின் பாட்டைக் காக்க வேண்டும் என்று ஒவ்வொருவராகப் பேசினார்கள். பேசி முடித்தவர் இன்னொரு விழா இருக்கிறது என்று கிளம்பினார். அவரைப் பார்த்து அடுத்தவர். அரை மணி நேரத்தில் மூன்று வரிசை சோபாவும் காலி. அப்போதுதான் லெட்சுமியைப் பாடக் கூப்பிட்டார்கள்.

திரும்பிப் பார்த்தேன். சீவலப்பேரிப் பக்கத்தில் இருந்து இரண்டு வேனில் வந்த பொம்பளைகள், பள்ளிக்கூடச் சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார்கள்.

லெட்சுமி ஆரம்பித்தார். "சேத்துல கால வச்சது யாரு?" என்று ஒரு நடவுப் பாட்டு. கேள்வி போய்ச் சோபாவில் விழுந்தது. பதில் வரவில்லை. மறுபடியும் கேட்டார். குரல் கம்மியது. பதிலையும் தானே பாடினார். லெட்சுமியின் கை மைக்கை விட்டு மெல்ல இறங்கியது.

செல்வியிடம் போய், முன்வரிசையை எடு என்றேன். இன்னொரு பிரமுகர் வழியில் வருகிறார், சோபாவைத் தொடக் கூடாது என்று குழு சொல்லியிருக்கிறது என்றாள். அவள் சொன்னதில் தப்பு இல்லை. நான் வளர்த்த பிள்ளை அப்படித்தான் சொல்லும். எனக்குக் குனிந்து கயிறு சிக்கெடுத்த நாள் ஞாபகம் வந்தது. இந்தத் தடவை கையில் கயிறு இல்லை.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் சோபாவைத் தூக்கப் போனேன். எழுபது வயசில் மூன்று பேர் உட்காரும் சோபாவை ஒரு ஆள் தூக்குவதென்றால் அது தூக்குவது இல்லை, இழுப்பது. பேராசிரியர் ஓடி வந்தார்.

"அண்ணாச்சி, என்ன செய்யுதீங்க?"

"சேர் வாடகை முடிஞ்சிட்டு, சார்."

"கச்சேரியே இப்பதானே ஆரம்பிச்சிருக்கு?"

"முன்வரிசைக்கு மட்டும் முடிஞ்சிட்டு."

அவர் காலி சோபாக்களைப் பார்த்தார். சுவர் ஓரத்தைப் பார்த்தார். ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தவர் அல்லவா, அந்தப் பாட்டுகளைத் தான் யாருக்கு நடுவில் உட்கார்ந்து கேட்டோம் என்பது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சோபாவின் மறுமுனையைப் பிடித்தார். அவருக்குத் தூக்கத் தெரியவில்லை, முதுகை வளைத்தார். செல்வி வந்து அவரை விலக்கிவிட்டு அந்த முனையைத் தான் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, விரிக்க என்ன இருக்கு?" என்றேன்.

"வண்டில ஜமுக்காளம் எட்டு கிடக்கு" என்றாள். ஆர்டரில் ஜமுக்காளம் இல்லையே என்று கேட்டேன். "பேச்சித்தாய்னு பேரு பாத்தேன். சுவர்ல எழுதியிருக்குல்லா, ஏத்திட்டேன்" என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி என்று சொல்லிச் சமாளித்தேன். இரண்டு வரிசை சோபா ஓரம் போனது. நிமிர்ந்து இடுப்பைப் பிடித்தேன். அப்போது மேடையில் இருந்து மைக் பேசியது. லெட்சுமி. முகத்தில் சிரிப்பு வந்திருந்தது.

"சேர் அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீங்க. அந்த மூணாவது வரிசையையும் எடுத்துருங்க."

மைதானம் முழுக்கச் சிரிப்பு. சுவர் ஓரத்தில் நின்றவர்கள்தான் எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தார்கள். யாரும் பேர் சொல்லிக் கூப்பிடத் தேவைப்படவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து முட்டி இடிக்க உட்கார்ந்தார்கள். லெட்சுமி மறுபடியும் முதலில் இருந்து கேட்டார்.

"சேத்துல கால வச்சது யாரு?"

"நாங்கதான் யக்கா, நாங்கதான்!"

நாற்பது வருஷம் லாரிப் பக்கம் நின்றதில் இந்தப் பாட்டை நான் முழுசாகக் கேட்டதே இல்லை. என் ஐந்தாவது வரிசைக்குத் திரும்பிப் போக மனசு வரவில்லை. ஜமுக்காளத்தின் ஓரத்தில் பைய உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா முட்டியை ஒதுக்கி இடம் கொடுத்தார். மூன்றாவது கேள்விக்கு என் வாயும் திறந்துவிட்டது. என் குரலைக் கேட்டு அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பரவாயில்லை. லெட்சுமி அன்றைக்குப் பதினோரு பாட்டுப் பாடினார். வழியில் வந்துகொண்டிருந்த பிரமுகரும் கடைசியில் வந்தார், சோபாவைத் தேடினார், பிறகு அவரும் கீழேதான் உட்கார்ந்தார். கச்சேரி முடிந்ததும் என்னை எழுப்பி நிறுத்த இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எத்தனை சேர் என்று எல்லாரும் கேட்பார்கள். யார் உட்காரப் போகிறார்கள், யார் நிற்கப் போகிறார்கள் என்றும் கேளுங்கள். சேர் போடக் கூலியாட்கள் போதும். எதை எடுக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள எனக்கு நாற்பது வருஷம் பிடித்தது. உங்களுக்கு அவ்வளவு ஆக வேண்டியதில்லை.

போன வாரம் கடைக்குப் போனேன். லெட்சுமிக்கு உவரியில் கச்சேரி, நம் கடை சேர்தான். சுவரில் என் கரி எழுத்துக்குக் கீழே செல்வி மார்க்கர் பேனாவால் எழுதியிருக்கிறாள்: 'லெட்சுமி கச்சேரி – முன்னால் காலி. ஜமுக்காளம் ஒன்பது. ஒன்று அப்பாவுக்கு.'