துரைக்கு ஆயுத பூஜை

பைக் வாங்கப் போன எங்கள் மாமா குதிரையோடு திரும்பி வந்தார். சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போங்கள்! கிழக்குத் தாம்பரத்தில், சேலையூர் தாண்டி இருக்கும் எங்கள் காலனி மொத்தமும் இதற்குச் சாட்சி. மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்து, "டேய், என்னடா இது?" என்று போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கதவே திறந்துவிட்டது. தெருவில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற மாமா, "குதிரை, அக்கா" என்றார், ஏதோ முருங்கைக்காய் வாங்கி வந்தவர் மாதிரி.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை. கல்யாணம் ஆகவில்லை. எங்கள் வீட்டு மாடி அறையில்தான் இருந்தார். அவரிடம் ஒரு ஓட்டை ஸ்கூட்டர் இருந்தது. அது தெருமுனையில் திரும்பும்போதே, குழம்பைச் சுட வைக்கலாம் என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும். அவ்வளவு சத்தம். அதைத் தள்ளிவிட்டு நல்லதாக ஒரு பைக் வாங்கத்தான் அவர் பணம் சேர்த்துவைத்திருந்தார்.

நடுவில் வந்து கெடுத்தது ஒரு கல்யாணம். குரோம்பேட்டையில், அப்பா வழிச் சொந்தத்தில். மாப்பிள்ளை அழைப்புக்கு வெள்ளைக் குதிரை. மாப்பிள்ளை உட்கார்ந்திருக்க, சரவெடி வெடிக்க, நாங்கள் எல்லோரும் பேண்டு வாத்தியத்துக்கு ஆட, குதிரையும் முன்னங்காலைத் தூக்கித் தூக்கி ஆடியது. மாமா மட்டும் ஆடவில்லை. மண்டபத்து வாசலில் மாப்பிள்ளை இறங்கிய பிறகு, அதன் முதுகில் கிடந்த ஜரிகைத் துணியை அவர் தூக்கிப் பார்த்தார். உள்ளே அத்தனையும் புண். அன்றைக்குப் பந்தியில் அவர் பாயசத்தைத் தொடவே இல்லை. அடுத்த வாரம் குதிரை எங்கள் தெருவில் நின்றது.

அப்பா கோபப்படுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் குதிரையை ஒரு சுற்று சுற்றி வந்து, "மச்சான், மைலேஜ் எவ்வளவு குடுக்கும்?" என்று கேட்டார். அவ்வளவுதான், வீடு சம்மதித்துவிட்டது. பக்கத்துக் காலி மனைக்காரர் துபாயில் இருந்தார். அப்பா அவருக்கு போன் போட்டு அனுமதி வாங்கினார். மாமா தகர ஷீட் போட்டு ஒரு கொட்டகை கட்டினார். குதிரைக்குத் துரை என்று பேர் வைத்தது நான். வெள்ளையாக இருக்கிறது, யாரையும் மதிக்க மாட்டேன் என்கிறது, வேறு என்ன பேர் வைப்பது?

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஐயோ, அந்த நாட்களில் என் மிதப்பைக் கேட்காதீர்கள்! வகுப்பில் ஒருத்தி வீட்டில் லாப்ரடார் இருந்தது. அதுவரை அவள் போட்ட அலட்டல் கொஞ்சமா நஞ்சமா? "எங்க வீட்ல குதிரை இருக்கு" என்று சொன்ன அன்றோடு அவள் கடையை மூடிவிட்டாள். என் பின்னால் ஒரு கூட்டமே வேன் ஸ்டாண்டு வரை வந்தது.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அதன் மேல் ஏறி எங்கள் தெருவில் ஒரு தடவை போக வேண்டும். லாப்ரடார்க்காரி பார்க்க வேண்டும். தினமும் கேட்பேன். மாமா தினமும், "முதுகு ஆறட்டும் பாப்பா" என்பார். ஷிப்டு முடிந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் கொட்டகைக்குப் போவார். புண்ணுக்கு மருந்து போடுவார். ஒவ்வொரு காலாக மடியில் தூக்கி வைத்து, குளம்பில் சிக்கிய கல்லை எடுப்பார். பிரஷ் போட்டுத் தேய்ப்பார். புல், கொஞ்சம் தவிடு, ஊற வைத்த கொள்ளு என்று எல்லாம் அளவோடு. வேறு யாரும் எதுவும் தரக் கூடாது. அதற்கென்று ஒரு போர்டே எழுதி மாட்டினார். "இது என்ன வண்டலூர் ஜூவா?" என்று அசோசியேஷன் செக்ரட்டரி அங்கிள் கேட்டார்.

அவருக்குக் குதிரை பிடிக்கவில்லை. தண்ணீர் கொடுக்கவும் நடத்தவும் மாமா துரையை வெளியே கூட்டிப்போகும்போது, அது எங்கே லத்தி போட்டாலும் அவர் போட்டோ எடுத்துக் காலனி வாட்ஸாப் குரூப்பில் போட்டுவிடுவார். கீழே, 'இது குடியிருப்புப் பகுதி' என்று ஒரு வரி. மாமா முறத்தையும் வாளியையும் எடுத்துக்கொண்டு ஓடுவார்.

ஆனால் ஒரு விஷயத்தில் செக்ரட்டரி அங்கிள் உட்பட மொத்தக் காலனியும் உருகிப்போனது. மாமாவின் ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பியதும் துரை கனைக்கும். காதை நிமிர்த்தி, கயிறு இழுக்கும் தூரம் வரை முன்னால் வந்து, வீதியே அதிரக் கனைக்கும். "என்னா பாசம்! பெத்த பிள்ளைகூட இப்படி வாசலுக்கு வராது" என்று பக்கத்து வீட்டு டீச்சர் ஆன்ட்டி சொல்வார். எனக்கு அதைக் கேட்டால் உடம்பெல்லாம் சிலிர்க்கும்.

முதுகு ஆறியது. புது முடிகூட வந்தது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மாமா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "விஜயதசமி அன்னைக்கு உன்னை ஏத்தறேன். புதுசா எதையாவது கத்துக்கற நாள்தானே?" என்றார். நான் போட்ட குதியில் துரை ஒரு அடி பின்னால் போனது.

எங்கள் பக்கத்து ஆயுத பூஜையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பாதி வீடுகளில் கம்பெனி வேலை. அதனால் வண்டிக்குச் செய்கிற மரியாதையில் குறையே இருக்காது. காலையில் தெரு முழுக்க பைக்கும் காரும் கழுவி வரிசையாக நிற்கும். சந்தனம், குங்குமம், மாலை, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். மாமா தன் கம்பெனி பூஜைக்குக் கிளம்பிப் போனார். போகும்போது, மதியத்துக்குள் வந்துவிடுவதாகவும், துரையைப் பார்த்துக்கொள்ளும்படியும் அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். அப்பா காரின் உள்ளே தலையை விட்டு, சீட்டுக்கு அடியில் துடைத்துக்கொண்டே, "பார்த்துக்கறேன், பார்த்துக்கறேன்" என்றார்.

யாருக்கு முதலில் தோன்றியதோ தெரியவில்லை. காருக்கும் பைக்குக்கும் பூஜை போட்டு, நிஜமான வாகனத்தை விட்டுவிட்டால் எப்படி? தெருவே துரையின் பக்கம் திரும்பியது. நெற்றியில் சந்தனம் வைத்தார்கள். கழுத்தில் சாமந்தி மாலை. கொட்டகைக் கம்பத்தில் வாழைக்கன்று கட்டினார்கள். அதன் இலை சரியாக மாமாவின் போர்டை மறைத்தது. நான்கு குளம்புக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தபோது, துரை ஒன்றை முகர்ந்து பார்த்து, மேலுதட்டைச் சுருட்டித் தூக்கி, பல் அத்தனையும் காட்டியது. "சிரிக்குது! சிரிக்குது!" என்று நாங்கள் கத்தினோம். செக்ரட்டரி அங்கிள்தான் பூசணிக்காய் சுற்றி உடைத்தார்.

பூஜை ஆனால் பிரசாதம் வேண்டாமா? ஒரு வீட்டிலிருந்து பொரியும் பொட்டுக்கடலையும் வந்தது. இன்னொரு வீட்டிலிருந்து சர்க்கரைப் பொங்கல். கொள்ளு தின்கிற பிராணிக்குக் கொண்டைக்கடலை ஆகாதா என்று சுண்டல் கிண்ணம் கிண்ணமாக வந்தது. "நாங்க பூஜை எல்லாம் பண்ண மாட்டோம். ஆனா அதுக்கும் பசிக்குமில்ல?" என்று டீச்சர் ஆன்ட்டி ஒரு பிரெட் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்தார். துரை எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் வாழ்க்கையில் அதை அப்படி யாரும் உபசரித்திருக்க மாட்டார்கள். கூட்டம் அலைமோதியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வெயில் ஏறிய பிறகு துரை முன்னங்காலால் தரையைத் தட்டத் தொடங்கியது. யாரோ ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் போட்டிருந்தார்கள். "ஆடுது பாரு!" என்றார் ஒருவர். கைதட்டினோம். அது இன்னும் வேகமாகத் தட்டியது, தலையைத் திருப்பித் திருப்பித் தன் வயிற்றைப் பார்த்தது. நாங்கள் இன்னும் பலமாகத் தட்டினோம்.

அந்த நேரத்தில்தான் தெருமுனையில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. எல்லோரும் துரையின் வாயையே பார்த்தோம். அது கனைக்கவில்லை.

மாமா வண்டியை ஸ்டாண்டு போடாமல் அப்படியே சாய்த்துவிட்டு ஓடி வந்தார். துரையின் கழுத்தில் கை வைத்தார். வேர்த்துக் கொட்டியிருந்தது. வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். "பாட்டை நிறுத்துங்க! என்ன குடுத்தீங்க?" என்று கேட்டார். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. காலடியில் கிடந்த சுண்டலை அவரே பார்த்துவிட்டார். அதற்குள் துரை முன்னங்காலை மடக்கிப் படுக்கப் பார்த்தது.

மாமா போன் போட்டு வரவழைத்த கால்நடை டாக்டரம்மா மருந்துப் பெட்டியோடு காரில் வந்து இறங்கினார். ஊசி போட்டார். மூக்கு வழியாகக் குழாய் விட்டு ஏதோ மருந்து ஊற்றினார். "குதிரையால வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது கீழே வழியாத்தான் வரணும். படுத்துப் புரள விடாதீங்க, குடல் முறுக்கிக்கும். மெதுவா நடத்துங்க. லத்தி போட்டா பிழைச்சுக்கும்" என்றார். போடாவிட்டால் என்று யாரும் கேட்கவில்லை.

மாமா நடத்தினார். எங்கள் தெரு, அடுத்த தெரு, பிள்ளையார் கோயில், திரும்ப எங்கள் தெரு. அவர் கை ஓய்ந்தபோது அப்பா கயிற்றை வாங்கினார். அப்புறம், நம்ப மாட்டீர்கள், செக்ரட்டரி அங்கிள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "வாப்பா, வா ராஜா, வா" என்று கெஞ்சியபடி நடந்தார். பின்னால் நாங்கள். வழியில் வரிசையாக நின்ற வண்டிகளை எல்லாம் அவரவர் உருட்டி உள்ளே தள்ளினார்கள். ஏர்போர்ஸ் விமானம் ஒன்று தலைக்கு மேல் போனபோது அதைக்கூடத் திட்டினார்கள். டீச்சர் ஆன்ட்டி வாசலில் கண்ணை மூடி ஜெபம் செய்துகொண்டிருந்தார். நான் எல்லாச் சாமியையும் வேண்டினேன். துரை சாகக் கூடாது, அவ்வளவுதான்.

வீடுகளில் விளக்கு ஏற்றும் நேரம். துரை சட்டென்று நின்றது. சரியாகச் செக்ரட்டரி அங்கிள் வீட்டு கேட்டுக்கு முன்னால், அவர் வீட்டுக் கோலத்தின் மேல். வாலைத் தூக்கியது.

அட, அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! "போட்டுடுச்சு!" என்று அங்கிள் போட்ட கூச்சலில் எல்லா வீட்டு ஜன்னலும் திறந்தது. தெருவே கைதட்டியது. அம்மா அழுதாள். அப்பா மாமாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அங்கிள் கைபேசியை எடுத்து, குனிந்து, நல்ல கோணமாகப் பார்த்துப் போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டார். இந்தத் தடவை கீழே கும்பிடும் கைகளும் சிவப்பு இதயங்களும் வந்து குவிந்தன.

டாக்டரம்மா துரையின் வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்த உற்சாகத்தில் நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன்: "டாக்டர், மாமா வண்டிச் சத்தம் கேட்டாலே இது கனைக்கும். அவ்வளவு பாசம்!" அவர் என்னைப் பார்க்கவில்லை, மாமாவைப் பார்த்தார். "குதிரை கூட்டமா வாழற பிராணி. நீங்க வேலைக்குப் போனப்புறம் பகல் முழுக்க இதுக்கு யார் துணை?" என்று கேட்டார். மாமா கொட்டகையைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார்.

மறுநாள் விஜயதசமி. விடிந்ததும் புதுப் பாவாடை கட்டிக்கொண்டு போய் நின்றேன். "வேண்டாம் பாப்பா. அது களைச்சிருக்கு" என்றார் மாமா. அடுத்த வாரம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் ஒரு வண்டி வந்து துரையை ஏற்றிக்கொண்டு போனது. படப்பை தாண்டி, வயதான குதிரைகளை வைத்துப் பார்த்துக்கொள்கிற ஒரு தோட்டம் இருக்கிறதாம். டாக்டரம்மாவுக்குத் தெரிந்த இடமாம். நான் மாமாவிடம் டூ விட்டுவிட்டேன். ஒரு வயிற்றுவலிக்குப் பயந்துபோய் கைகழுவிவிட்டாரே, இவரெல்லாம் ஒரு மாமாவா?

கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைச் சமாதானம் செய்து, ஸ்கூட்டரில் ஏற்றிப் படப்பைக்குக் கூட்டிப்போனார். வழி பூராவும் எனக்கு ஒரே பரபரப்பு. இந்தச் சத்தம் கேட்டதும் துரை எப்படிக் கனைக்கப்போகிறது, எப்படி ஓடி வரப்போகிறது! தோட்டத்து வேலியோரம் மாமா எஞ்சினை அணைக்காமல் வேண்டுமென்றே இரண்டு தடவை ஆக்சிலேட்டரை முறுக்கினார்.

தூரத்தில் புல்வெளி. துரை கயிறு இல்லாமல் நின்றது. பக்கத்தில் ஒரு பழுப்புக் குதிரை. இரண்டும் ஒன்றின் கழுத்தை ஒன்று பல்லால் சொறிந்து விட்டுக்கொண்டிருந்தன. சத்தம் கேட்டுத் துரையின் ஒரு காது மட்டும் எங்கள் பக்கம் திரும்பியது. பிறகு அதுவும் பழையபடி திரும்பிக்கொண்டது. தலை குனிந்து புல் மேயத் தொடங்கியது.

மாமா "துரை!" என்று கூப்பிட்டார். அது நிமிரவில்லை.

மாமாவுக்கு வலிக்கட்டும் என்றே சொன்னேன்: "அது உன்னை மறந்தே போச்சு மாமா."

"ஆமாம்ல?" என்றார் மாமா. முகமெல்லாம் சிரிப்பு. அங்கேயே வேலி மேல் கை போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும்போது படப்பை பஜாரில் எனக்குச் சுடச்சுட போண்டா வாங்கித் தந்து, தானும் ஆசையாகச் சாப்பிட்டார். தாம்பரம் வரும் வரை ஓட்டை ஸ்கூட்டர் சத்தத்துக்கு மேல் விசிலடித்துக்கொண்டே வந்தார். ஒரு குதிரை கூப்பிடாமல் இருந்ததற்கு ஒரு மனிதருக்கு எதற்கு இவ்வளவு சந்தோஷம் என்று, பின்சீட்டில் அவர் முதுகை முறைத்தபடி நான் வீடு வந்து சேர்ந்தேன்.