தட்டின் நடுவே ஒரு வட்டம்

எங்கள் அக்கா திருப்புல்லாணிக்கு அருகே ஒரு விவசாயக் குடும்பத்தில் மூத்த மகளாகப் பிறந்து, அக்காள்மடத்தில் வாழ்க்கைப்பட்டவர். அத்தான் விசைப்படகு ஓட்டியவர். அவர் மாரடைப்பில் காலமானபோது மகள் ஒன்றாம் வகுப்பில் இருந்தாள். அக்கா பாம்பனில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார்.

மகள் உயர்நிலைப் பள்ளிக்கு வந்த பிறகு, பக்கத்து வீட்டுப் பெண்ணின் சடங்குக்கு விளையாட்டாக ஒரு சீர்த்தட்டு அலங்கரித்துக் கொடுத்தார். சாயமேற்றிய அரிசியும் பச்சைப்பயறும் சோழியும் சேர்ந்து தட்டில் ஒரு மயிலாயின. அதன் படம் வாட்ஸ்அப்பில் சுற்றியது. கேட்டு வந்தவர்களுக்கு, வேலை முடிந்த மாலைகளில் செய்து கொடுத்தார்.

வந்தவர்கள் அனைவரும் ஒரே வேண்டுகோளை வைத்தார்கள்: யார் செய்தது என்று வெளியே தெரிய வேண்டாம். கணவரை இழந்தவர் கை பட்ட தட்டு மணமேடைக்குப் போவதில் அவர்களுக்குத் தயக்கம். தட்டு மட்டும் வேண்டும். அக்கா அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். ஒவ்வொரு தட்டின் நடுவிலும் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வட்டமாக இடம் விடுவார். அதில் வீட்டுச் சுமங்கலி ஒருவர் குங்குமம் வைத்துக்கொள்ள வேண்டும். மதுரையில் வாங்கியதாகச் சொல்லிக்கொள்வார்கள். பெயர் சொல்ல முடியாத வேலையை நம்பி மாதச் சம்பளத்தை விட அக்காவுக்குத் துணிவில்லை.

ராமேஸ்வரத்தில் ஒரு கல்யாணம். தட்டுகளை அக்காவே ஆட்டோவில் கொண்டுபோய் வாசலில் இறக்கினார். குங்குமம் வைப்பதை அத்தை பார்த்துக்கொள்வார் என்று மணப்பெண்ணின் சித்தியும், சித்தி வைத்திருப்பார் என்று அத்தையும் இருந்துவிட்டார்கள். வரிசை கிளம்பும் நேரத்தில் இருபத்தொரு தட்டும் நடுவில் வெறுமையாக இருந்தன. மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தார்கள். பெண்ணின் தாயார் குங்குமச் சிமிழோடு, வெளியே அக்கா காத்திருந்த ஆட்டோவுக்கே வந்தார்.

"நீயே வந்து வச்சிரும்மா. ஆளுக்கு ஒரு அளவா வச்சா அசிங்கமாப் போயிரும்."

"நான் வைக்கலாமாக்கா? உள்ள ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க."

"எம் மகளுக்குக் கல்யாணம். நான் யாருட்டக் கேக்கணும்?"

அக்கா முன்வாசல் வழியாகப் போய் எல்லாத் தட்டுக்கும் குங்குமம் வைத்தார். அன்றைக்கே எங்கள் உறவில் சிலர் அக்காவைக் கடிந்துகொண்டார்கள். அந்தப் பெண்ணுக்கு நாளை ஒன்றென்றால் பழி உன் தலையில்தான் விழும் என்றார்கள்.  அக்கா அடுத்த மாதம் வேலையை விட்டுவிட்டு, பாம்பன் கடைத்தெருவில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்தார்.

கடைப் பலகையில் மகள் பெயரைப் போடும்படி சித்தப்பா சொன்னார்.

"இத்தன வருசமா மாத்திரய எங்கையாலதான வாங்கித் தின்னீக, சித்தப்பா? அப்பல்லாம் ஒண்ணும் ஆகலயே" என்றார் அக்கா. பலகையில் தம் பெயரையே எழுதினார்.

முன்பணம் வாங்குவதற்கு முன் வருகிறவர்களிடம் ஒன்றைச் சொல்லிவிடுவார்: "குங்குமம் நாந்தான் வைப்பேன். சம்மதம்னா சொல்லுங்க." முதல் ஆறு மாதம் பலர் எழுந்து போனார்கள். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வளையலை அடகு வைத்தார். மருந்துக்கடைக்காரர் திரும்பக் கூப்பிட்டும் போகவில்லை. பிறகு தங்கச்சிமடத்திலிருந்தும் மண்டபத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். உதவிக்கு இரண்டு பெண்களைச் சேர்த்தார். சித்தப்பாவும் பேத்தி சடங்குக்கு வந்தார். அவரிடமும் அதையே சொல்லிவிட்டுத்தான் முன்பணம் வாங்கினார்.

சிறுநீரகக் கோளாறு கடைசி இரண்டு ஆண்டுகள் அவரை வாட்டியது. மதுரை மருத்துவமனையில் படுத்தபடியே வீடியோ அழைப்பில் பயறு அடுக்குவதைத் திருத்திக்கொண்டிருந்தார்.

மருத்துவமனைக்கு அழைத்துச் சென்ற ஆட்டோ ஓட்டுநருக்கும், ரத்தம் கொடுத்த படகுத்துறை இளைஞர்களுக்கும், இறுதி நாள்வரை உடனிருந்த கடைப் பெண்களுக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி. சம்மதம் என்று சொன்ன வீடுகளுக்கு எங்கள் வணக்கம். கடை நடக்கிறது. மகள் பார்த்துக்கொள்கிறாள். பலகையை மாற்றவில்லை.

இந்த நினைவு மலரின் அட்டையில் இருப்பது அக்கா கடைசியாகச் செய்த தட்டு. நடுவில் இருக்கும் குங்குமம் அவர் வைத்தது.