சிலுவை நகர்ந்தது

அந்த அநியாயத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. பொய் சொல்கிறேன் என்று என்னை ஒதுக்கினார்கள். நான் சொன்னதோ அட்சரம் பிசகாத உண்மை.

பட்டாளத்திலிருந்து திரும்பியிருந்த சித்தப்பா, ஏற்காட்டில் தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குக் கிளம்பிய ஒரு துரையிடம் சிறிய ரைபிள் ஒன்றை வாங்கினார். அதன்மேல் ஒரு டெலஸ்கோப். அதற்குள் பார்த்தால் குறியின் மீது இரண்டு மெல்லிய கம்பிகள் குறுக்காக நிற்கும். மாதா கோயிலுக்குப் போகும் எங்களுக்கு அது சிலுவை.

ஓமலூருக்கு வெளியே வற்றிக் கிடந்த ஏரியில், கரையைப் பார்த்துச் சுட என்னையும் அண்ணனையும் பழக்கினார். சேலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டி. வீட்டுக்கு ஒருவர்தான் போகலாம். நூறு கஜத்தில் அண்ணனைவிட என் குண்டுகள்தான் நெருக்கமாக விழுந்தன. பன்னிரண்டு வயதுப் பெண் என்றும் பாராமல் சித்தப்பா என் பெயரையே சொன்னார்.

போட்டி இருபத்தைந்து கஜத்தில் என்பது பிறகுதான் தெரிந்தது. கிட்டத்தில் இன்னும் சுலபம் என்று இறுமாந்திருந்தேன். ஏரியில் அந்தத் தூரத்தில் சுட்டுப் பார்த்தபோது ஐந்து குண்டுகளும் விரல் அகலத்துக்கு இப்படியும் அப்படியுமாகச் சிதறின. சுட வேண்டிய கறுப்பு வட்டமோ காலணா அளவுதான்.

"தலைய அசைச்சா சிலுவை நகருதுங்க, சித்தப்பா."

"துப்பாக்கி ஆடாம சிலுவை எப்படிப் புள்ள நகரும்? உனக்குக் கை நடுங்குது. அதை மறைக்கப் பொய் வேறயா?"

அன்றே என் பெயரை அடித்துவிட்டு அண்ணன் பெயரை எழுதிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் காலையில் ஏரியில் இரண்டு மணல் மூட்டைகளுக்கு நடுவே, குண்டு போடாத ரைபிளை அசையாதபடி வைத்து, சிலுவையை வட்டத்தில் நிறுத்தினேன். அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். தொடக் கூடாது, தலையை மட்டும் அசைத்துப் பார் என்றேன். ஆயுளில் துப்பாக்கியையே தொட்டிராத அம்மா, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். உடனே தள்ளி நின்ற சித்தப்பாவைக் கூப்பிட்டாள்.

"தம்பி, இங்க வாங்க! நான் தொடவே இல்லீங்க. சிலுவை அக்கட்டயும் இக்கட்டயும் போகுதுங்க."

சித்தப்பா பார்த்தார். நூறு கஜத்துக் குறியையும் பார்த்தார். அங்கே சிலுவை அசையவில்லை. அந்தக் கண்ணாடியை நூறு கஜத்துக்கென்றே அமைத்திருந்தார்கள். அந்தத் தூரத்தில் கண் சற்று விலகினாலும் சிலுவை குறியிலேயே நிற்கும். கிட்டத்தில், கண் விலகினால் அதுவும் விலகும். ஒவ்வொரு முறையும் கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் ஒரே இடத்தில் வைத்தால் போதும்.

அதை அண்ணனுக்குச் சொல்லிக் கொடுத்தார். நான் கண்டுபிடித்ததை வைத்து அண்ணன் கோப்பை வாங்கினான். என்னிடம் மன்னிப்பாக ஒரு சொல் வந்ததா? இல்லை. அம்மா பார்த்துச் சொன்ன அன்று, ஏரிக்கரையில் தனியாக உட்கார்ந்து சித்தப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்ததை மட்டும் பார்த்தேன். ஒரு சின்னப் பெண்ணிடம் தோற்ற ரோஷம், நன்றாக வேண்டும் என்று உள்ளுக்குள் குதித்தேன்.

அவர் இறந்த பிறகுதான் அம்மா சொன்னாள். பட்டாளத்தில் அவரை டெலஸ்கோப் ரைபிள் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்திருந்தார்களாம். கிட்டத்துக் குறியில் குண்டுகள் சிதறியதும், கை நடுங்கும் கோழை என்று அதிகாரி எல்லார் முன்னாலும் சொல்லி, அவரைச் சமையற்கட்டுக்கு அனுப்பிவிட்டாராம். அம்மா குனிந்து பார்த்த அந்தக் காலைவரை அதை அவரும் நம்பியிருந்தார்.